கேபிள் கண்ணில் பட்டதால் கேபிள் த்ரொட்டில் என்று நம்பி ஏமாந்தேன்

பழைய காருக்கு ரீகண்டிஷன் எஞ்சின் போட எண்ணியிருப்பவர்கள் முற்பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். எங்கள் பிணக்கு இப்போது மத்தியஸ்த சபையின் முன் இருப்பதால் கராஜின் பெயரையோ அது இருக்கும் ஊரையோ சொல்லப் போவதில்லை. நடந்ததை மட்டும் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

என்னுடையது 1978ஆம் ஆண்டின் டொயோட்டா கோரோலா, கே.ஈ.30 வகை. தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்த அப்பா 1986இல் பாவித்த காராக வாங்கியது. அதன் 1166 சி.சி. 3கே எஞ்சின் இரண்டு முறை போர் பண்ணப்பட்டு (தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்குவது), மூன்றாம் முறைக்கு இடமில்லாத நிலைக்கு வந்திருந்தது. காற்றோடு பெற்றோலைக் கலக்கும் கார்பரேட்டர் வேறு மலைநாட்டில் தீராத தலைவலி. 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான்; கொழும்புக்கு ஏற்றபடி திருகி வைத்தால் நானுஓயா தாண்டும்போது பெற்றோல் மிஞ்சிக் கறுப்புப் புகை கக்கும், ஹட்டனுக்கு ஏற்றபடி வைத்தால் அவிசாவளையில் இறங்கியதும் இருமும். காற்றின் அளவை அறிந்து பெற்றோலைத் தானே கூட்டிக் குறைக்கும் இன்ஜெக்ஷன் எஞ்சின் ஒன்றைப் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும் என்று எண்ணி, டொயோட்டாவின் 1500 சி.சி. 1என்.இஸட். எஞ்சினைத் தெரிவு செய்தேன். விற்ஸ் முதல் கோரோலா 121 வரை எத்தனையோ வாகனங்களில் வந்திருப்பதால் அதன் உதிரிப்பாகங்கள் எளிதில் கிடைக்கும் என்பது முக்கிய காரணம். கே.ஈ.30 பின்சக்கர இழுவை என்பதால், பழைய கியர் பெட்டியோடு இணைக்க ஓர் அடாப்டர் பிளேட்டை லேத்தில் கடைந்து கொள்ள வேண்டும். அந்த வேலையில் நான் குறை சொல்ல ஒன்றுமில்லை, சுத்தமாகச் செய்திருந்தார்கள்.

சிக்கல் த்ரொட்டிலில், அதாவது எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பகுதியில், வந்தது. இந்த எஞ்சினின் முந்தைய காலத்து வகைகளில் எக்சிலேட்டர் பெடலில் இருந்து ஒரு கேபிள் நேராக வந்து த்ரொட்டில் பொடியில் உள்ள சக்கரத்தைச் சுழற்ற, அதனோடு காற்றுவழியை மூடியிருக்கும் பட்டர்பிளை என்ற தகடு திறக்கும். பிந்தைய வகைகளில் கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சர் கால் எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் கொம்பியூட்டர் பெட்டிக்குச் சொல்ல, அந்தப் பெட்டி த்ரொட்டில் பொடியில் இருக்கும் சிறு மோட்டாரைக் கொண்டு பட்டர்பிளையைத் திறக்கிறது. எஞ்சினின் பெயர் ஒன்றுதான், உள்ளே வேறு வேறு. ஆகவே கடைக்காரரிடம் "1என்.இஸட். வேண்டும்" என்று மட்டும் சொல்வது பாதிப் பேச்சுத்தான்.

எனக்குக் கேபிள் வகைதான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். எலக்ட்ரோனிக் த்ரொட்டில் மோசமானது என்ற எண்ணத்தில் சொல்லவில்லை. மழைக்குப் பேர்போன வட்டவளை வழியாக வாரத்தில் இரண்டு தடவை போய்வருகிறவன் நான். வழியில் ஏதாவது நேர்ந்தால் தோட்டத்து லொறி மெக்கானிக் ஒருவர் கையால் தொட்டுப் பார்த்துச் சரிசெய்யக் கூடியதாக இருக்க வேண்டும் என்பதுதான் என் கணக்கு. கேபிள் அறுந்தால் வேறொரு கேபிளை வெட்டிப் போட்டு வீடு வந்து சேரலாம். சென்சர் பழுதானால் கொம்பியூட்டரில் பதிவாகும் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் உள்ள ஆளைத் தேட வேண்டும்.

கராஜின் தலைமை பாஸ் என் தெரிவை அவ்வளவாக விரும்பவில்லை. "சேர், இப்ப யாரு கேபிள் போடுறாங்க? எல்லாம் கரண்ட்லதான் வேலை செய்யுது" என்றார். நான் பிடிவாதமாக நின்றதும், "சரி சேர், உங்க விருப்பம், கேபிளே போட்டுத் தாறேன்" என்று ஒப்புக்கொண்டு, எஞ்சின், கொம்பியூட்டர் பெட்டி, வயரிங், அடாப்டர், கூலி எல்லாம் சேர்த்து 485,000 ரூபா என்று ஒரு தாளில் எழுதித் தந்தார். 200,000 முற்பணமாகக் கொடுத்தேன். அந்தத் தாளில் "1என்.இஸட். எஞ்சின் முழு செட்" என்று மட்டுமே இருந்தது, கேபிள் என்ற சொல்லும் இல்லை, எஞ்சின் இலக்கமும் இல்லை. முப்பது வருடமாகப் பிள்ளைகளின் விடைத்தாளில் விடுபட்ட சொற்களைச் சுழித்துக் காட்டும் ஆசிரியன், தன் காரியத்தில் அதைக் கவனிக்கவில்லை.

காரைத் திரும்பப் பெற்ற அன்று பொனட்டைத் திறந்து காட்டினார்கள். பழைய பெடலில் இருந்து புதுக் கேபிள் ஒன்று சுவரைத் துளைத்து வெளியே வந்து, எஞ்சினின் பின்பக்கமாக வளைந்து சென்றது. ஒரு பையன் உள்ளே இருந்து பெடலை அமுக்க, கேபிள் இழுபடுவதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் கூடிக் குறைந்தது. மிச்சப் பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டேன். ஏழு நாள் செக்கிங் வாரண்டி என்றார்கள். அந்த ஏழு நாளும் மழை பெய்யவில்லை, காரும் ஒரு குறையும் காட்டவில்லை.

மூன்றாவது வாரம் அம்மாவைக் கொழும்பில் கண் மருத்துவரிடம் காட்டிவிட்டுத் திரும்பும்போது கித்துல்கலையில் மழை பிடித்தது. கினிகத்தேனைக்கு ஏறும் வளைவுகளில் ஒன்றில், இரண்டாம் கியரில், பின்னால் ஒரு தனியார் பஸ் ஒட்டிக்கொண்டு வர, திடீரென்று பெடலுக்கு உயிர் இல்லாமல் போயிற்று. எஞ்சின் நிற்கவில்லை, ஆனால் தரையோடு அழுத்தினாலும் வேகம் ஏறவில்லை. கார் நடைவேகத்துக்கு வந்து, வளைவின் நடுவிலேயே நின்றுவிடும் போல் ஆயிற்று. பஸ் சாரதி அடித்த ஹோர்ன் இன்னும் காதில் இருக்கிறது. ஹசாட் விளக்கைப் போட்டு ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தி, கராஜுக்கு அழைப்பு எடுத்தேன். "சாவிய அணைச்சிட்டுத் திரும்பப் போடுங்க சேர், சரியாயிரும்" என்றார் பாஸ். சரியாகத்தான் ஆயிற்று. கேள்வி கேட்ட அடுத்த நொடி பதில் வந்த விதம்தான் எனக்கு உறுத்தியது. கேபிள் த்ரொட்டிலில் சாவியை அணைத்துப் போடுவதால் சரியாகும் கோளாறு எது? வட்டவளையில் மறுபடியும் அதே கதை. ஹட்டன் வந்து சேர்வதற்குள் நான்கு தடவை சாவியைத் திருப்பினேன்.

மறுநாள் பண்டாரவளையில் வயரிங் வேலை செய்யும் என் பழைய மாணவர் ஒருவரை வரவழைத்தேன். அவர் சாவியைக் கையில்கூட வாங்கவில்லை. "சேர், எஞ்சின் ஓட வேணாம். நீங்க சும்மா பெடலை அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு, டோர்ச் அடித்து த்ரொட்டில் பொடியைப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கேபிள் த்ரொட்டில் பொடிக்குப் போகவே இல்லை. எஞ்சினின் பின்னால், பிரேக் மாஸ்டர் சிலிண்டருக்குக் கீழே, கூரைத் தகட்டில் வெட்டிய ஒரு விரல் அகலத் துண்டை இரண்டு ஸ்குரூவால் முடுக்கி, அதில் கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். கேபிளின் முனை அந்தப் பெட்டியின் சிறு நெம்பில் முடிந்தது. பெட்டியில் இருந்து ஆறு வயர்கள் கொம்பியூட்டருக்குப் போயின. அது வேறு ஏதோ வாகனத்தின் எக்சிலேட்டர் சென்சர். எஞ்சினோ முழுக்க எலக்ட்ரோனிக் த்ரொட்டில் வகை. எனக்குக் காட்டியது, அந்தச் சென்சரை ஆட்டுவதற்காகக் கட்டிய கேபிளை.

கேபிளால் சென்சரை ஆட்டுவது தன்னளவில் மோசடி ஆகாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்; 1990களின் இறுதியில் டொயோட்டாவே சில எஞ்சின்களில் அப்படிச் செய்திருக்கிறது. ஆனால் அங்கே சென்சரும் கொம்பியூட்டரும் ஒன்றுக்கொன்று என்று அளந்து செய்யப்பட்டவை. இந்த எஞ்சினின் பெடல் சென்சர் ஒன்றல்ல, இரண்டு சமிக்ஞைகளை அனுப்புகிறது. காலை எடுத்த நிலையில் ஒன்று சுமார் 0.8 வோல்ட், மற்றது சுமார் 1.6 வோல்ட். பெடலை அழுத்த அழுத்த இரண்டும் தங்களுக்குள் உள்ள இடைவெளியைக் காத்துக்கொண்டு ஏற வேண்டும். கொம்பியூட்டர் இரண்டையும் ஓயாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது, பொருந்தாவிட்டால் ஆபத்து என்று எண்ணி எஞ்சினின் பலத்தைக் கட்டிப் போடுகிறது. அந்நியச் சென்சர், அதுவும் மழைநீர் தெறிக்கும் இடத்தில், பிடிமானம் இல்லாத தகட்டில் ஆடிக்கொண்டு இருக்கும்போது இந்தப் பொருத்தம் எப்படி நிலைக்கும்? கொம்பியூட்டரைக் குறை சொல்ல முடியாது. அது தன் கடமையைச் செய்தது.

இதைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது வேறொன்று. ஸ்கேனர் மாட்டும் 16 பின் சொக்கெட்டைத் தேடியபோது அது டாஷ்போட்டுக்கு உள்ளே, கறுப்பு டேப் சுற்றி, ஹீட்டர் குழாயோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தது. எஞ்சின் எச்சரிக்கை விளக்குக்குப் போக வேண்டிய வயர் வெட்டி மடிக்கப்பட்டிருந்தது. 1978ஆம் ஆண்டுக் காரில் அந்த விளக்கு இருந்ததில்லை என்பதால் இல்லாததை நானும் கவனிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டியதும் பி2138 என்ற குறி வந்தது. பெடல் சென்சரின் இரண்டு சமிக்ஞைகளும் பொருந்தவில்லை என்பதே அதன் பொருள். கோளாறு வரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. விளக்கு எரிந்தால் எனக்கும் தெரிந்துவிடும் என்பதால் விளக்கையே வைக்கவில்லை.

ஆகவே, நீங்கள் கேபிள் வகைக்குப் பணம் கொடுத்திருந்தால், காரை எடுக்கும் நாளில் சாவியை அணைத்த நிலையில் ஒருவரைப் பெடலை அமுக்கச் சொல்லி, காற்றுக் குழாயைக் கழற்றி த்ரொட்டில் பொடியின் உள்ளே பாருங்கள். கேபிள் வகை என்றால் பட்டர்பிளை காலோடு சேர்ந்து முழுமையாகத் திறக்க வேண்டும். அசையாமல் இருந்தாலோ, வெளியே நெம்பு மட்டும் சுழன்று உள்ளே தகடு சும்மா இருந்தாலோ, அது எலக்ட்ரோனிக். எஞ்சின் ஓடும்போது சத்தத்தைக் கேட்டுத் தீர்மானிப்பதில் பயனில்லை, இரண்டு வகையும் ஒரேபோல்தான் உறுமும். வயர்களை எண்ணினாலும் தெரிந்துவிடும்: இந்த எஞ்சினின் கேபிள் வகையில் த்ரொட்டில் சென்சருக்கு மூன்று வயர், காலை எடுத்த நிலையிலும் எஞ்சின் நிற்காமல் ஓடக் காற்று விடும் ஐடில் வால்வுக்குத் தனிச் சொக்கெட், எலக்ட்ரோனிக் வகையில் மோட்டாருக்கு இரண்டும் சென்சருக்கு நான்குமாக ஆறு வயர், தனி ஐடில் வால்வு கிடையாது. கேபிள் வகைதான் என்று உறுதியான பிறகும், கேபிள் சைலன்சர் பக்கம் உரசாமல் பெரிய வளைவாகப் போகிறதா, பெடலுக்குக் கீழே தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பு இல்லாவிட்டால் ஏற்றத்தில் மிதிக்கும் ஒவ்வொரு மிதியும் கேபிளைத்தான் நீட்டும்.

எலக்ட்ரோனிக் வகையை விரும்பி எடுப்பவர்கள் பெடல், த்ரொட்டில் பொடி, கொம்பியூட்டர் பெட்டி, வயர் ஹார்னஸ் (வயர்க் கட்டு) நான்கும் ஒரே வாகனத்தில் இருந்து கழற்றியவை என்று பில்லில் எழுதி வாங்க வேண்டும். தனக்குரிய சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத இமொபிலைசர் உள்ள வாகனமாக இருந்தால் அதன் சாவியும் கூடவே வர வேண்டும். எஞ்சின் இலக்கம் எழுதாத பில் எதற்கும் உதவாது, பதிவுச் சான்றிதழில் இலக்கத்தை மாற்றப் போகும்போதும் அதுதான் முதலில் தேவைப்படும்.

பணம் இன்னும் திரும்பவில்லை. முறைப்பாட்டோடு போனபோதெல்லாம் "இன்னும் ஒரு கிழமை சேர், கொழும்புல இருந்து சாமான் வருது" என்று இழுத்தடித்தார்கள்; ஆசிரியரிடம் பொய் சொல்ல மாட்டார்கள் என்று நானும் காத்திருந்தேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தின்படி பொருளையோ சேவையையோ பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்பதை, அந்தச் சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பு எடுத்த அன்றுதான் அறிந்தேன். அப்போது நான்காவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அதனால்தான் மத்தியஸ்த சபைக்குப் போக நேர்ந்தது.

காரை என் மாணவரே சரிசெய்தார். கேபிள் வகைக்கு மாற வேண்டுமென்றால் த்ரொட்டில் பொடியோடு கொம்பியூட்டரையும் ஹார்னஸையும் மாற்ற வேண்டும் என்பதால் எலக்ட்ரோனிக்கையே வைத்துக்கொண்டோம். அதே வகைக் காரின் பெடலை உள்ளே, நனையாத இடத்தில் பொருத்தி, டாஷ்போட்டில் எச்சரிக்கை விளக்கையும் வைத்தார். 38,000 ரூபா செலவாயிற்று. அதன் பிறகு ஒரு பெருமழைக் காலம் முழுவதும் வட்டவளை வழியாகப் போய்வந்தாயிற்று. சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிந்து, எஞ்சின் பிடித்ததும் அணைந்துவிடுகிறது. கழற்றிய கறுப்புப் பெட்டியும் கூரைத் தகட்டுத் துண்டும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கின்றன. மத்தியஸ்த சபையின் அடுத்த அமர்வுக்கு அவற்றைக் கையோடு கொண்டு போகிறேன்.