காது குத்தியது 2014இல்: பத்து வருடக் கேமராவோடு ஒரு வழக்கு

கல்லூரிக் கால நண்பன் போன மாதம் ஃபோன் பண்ணினான். "ஏல, பொண்ணு டிஜிகேம் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. உன்கிட்ட ஒண்ணு கெடக்குல்லா, அது எப்படி? பழசு ஒண்ணு வாங்கலாமா?"

டிஜிகேம் என்றால் சட்டைப்பைக்குள் போகிற குட்டி டிஜிட்டல் கேமரா. அவன் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் அந்தக் கேமராவை ரிப்பேர் கடையில் காட்டிவிட்டு, வாய்க்குள் திட்டிக்கொண்டே வீடு திரும்பியிருந்தேன். "வாங்காத" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். ராத்திரி படுத்தபோதுதான், பத்து வருடம் கூடவே இருந்த சாமானைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்வது நியாயமில்லை என்று உறுத்தியது. அதனால் கொஞ்சம் விரிவாக.

வாங்கியது 2015இல். ஒரு இன்ச் சென்சார், 20 மெகாபிக்சல், ஜூம் 24 மில்லிமீட்டரில் தொடங்கும், அந்தப் பக்கம் லென்ஸின் வாய் எஃப் 1.8 வரை திறக்கும். விவரம் தெரிந்தவர்கள் இந்நேரம் நாலைந்து மாடல்களின் பெயரை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருப்பார்கள். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை. (ஒரு இன்ச் என்பதே பேருக்குத்தான். சென்சாரின் அகலம் 13.2 மில்லிமீட்டர், உயரம் 8.8. அந்தக் காலத்து டிவி கேமராக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மனையை அளக்கும்போது ரோட்டையும் சேர்த்துச் சொல்வார்களே, அந்த மாதிரி.)

என் புலம்பல் லென்ஸைப் பற்றியோ சென்சாரைப் பற்றியோ இல்லை. இந்தக் கேமராவுக்கு நாள் கிழமை தெரியாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால் போதும், 2014 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணிக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. இந்த மாதிரிக் கேமராக்களுக்குள் பெரிய பேட்டரி தவிர, கடிகாரத்துக்கென்று சின்னதாக ஒரு செல்லோ கெப்பாசிட்டரோ போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பெரிய பேட்டரியிடமிருந்து அது கொஞ்சம் கொஞ்சமாகச் சார்ஜ் வாங்கி வைத்துக்கொள்ளும். நல்ல நிலையில் இருந்தால் பேட்டரி இல்லாமலே வாரக்கணக்கில் நேரத்தைக் காப்பாற்றும். 2020 ஊரடங்கில் என் கேமரா காலிப் பேட்டரியோடு பீரோவுக்குள் போனது. வெளியே எடுத்தது ஒன்றேகால் வருடம் கழித்து. அதற்குள் அந்தச் செல் சொட்டு மின்சாரம் இல்லாமல் செத்துவிட்டது. ஆக, பாதித் தப்பு என்னுடையது. ஒத்துக்கொள்கிறேன்.

மீதிப் பாதி? ஃபிலிம் காலத்தில், படத்தின் மூலையில் தேதி அடிக்கும் பின்மூடி வரும். அதில் சின்ன மூடியைத் திறந்து சிஆர் 2025 பட்டன் செல்லை நாமே மாற்றிக்கொள்ளலாம். கடையில் போய்க் கேட்டால் கடிகாரக்காரர் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுப்பார். (அவற்றில் பலவற்றின் நாட்காட்டி 2019ஓடு முடிந்துவிடும் என்பது வேறு கதை.) முப்பது வருடம் கழித்து, பல மடங்கு விலையில், அதே செல்லை யாரும் தொட முடியாதபடி போர்டில் பற்றவைத்து மூடுவதற்குப் பெயர் முன்னேற்றமாம்.

தேதிதானே, மாற்றிக்கொண்டால் போயிற்று என்பீர்கள். மாற்றிப் பாருங்கள். ஆன் செய்ததும் முதலில் ஊர் கேட்கும். லண்டனில் நிற்கும். பின்பக்கச் சக்கரத்தைத் திருகிக்கொண்டே கிழக்கே வரவேண்டும். கெய்ரோ, மாஸ்கோ, துபாய், கராச்சி எல்லாம் தாண்டினால் டெல்லி. ஒரு சொடுக்கு கூடிப்போனால் காத்மாண்டு, 15 நிமிடம் அதிகம். அப்புறம் வருடம். 2014இலிருந்து இன்றைக்கு வர எத்தனை சொடுக்கு என்று எனக்கு மனப்பாடம், ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒன்று கூடும். அடுத்து மாதம் முதலிலா நாள் முதலிலா என்ற குழப்பம். ஆகஸ்ட் 9 என்று நினைத்துக்கொண்டு செப்டம்பர் 8 வைத்து ஒரு வாரம் முழுக்கப் படம் எடுத்திருக்கிறேன். இவ்வளவையும் ஒரு கட்டைவிரலால், நகம் அகலம்கூட இல்லாத சக்கரத்தில் செய்ய வேண்டும். சுற்றும்போது கொஞ்சம் அழுத்திவிட்டால் அடுத்த கட்டத்துக்குத் தாவிவிடும்.

தலைப்பில் சொன்ன காது குத்துக்கு வருகிறேன். 2024இல் அக்கா மகளின் பையனுக்குத் திருச்செந்தூரில் முடி எடுத்துக் காது குத்தினார்கள். முடி எடுத்து முடிக்கும்போது முதல் பேட்டரி தீர்ந்தது. மாற்றாக வைத்திருந்த இரண்டாவது பேட்டரியைப் போட்டு ஆன் செய்தால் கேமரா லண்டனில் நிற்கிறது. இந்தப் பக்கம் பையன் தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாயிற்று, அவன் கையில் வாழைப்பழத்தைக் கொடுத்தாயிற்று, ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். காதா, கராச்சியா? ரத்து பட்டனை அழுத்திவிட்டுப் படத்தை எடுத்தேன். நல்ல படம். ஊசி காதைத் தொட்ட நொடியில், வாழைப்பழம் பாதி வாயில் இருக்க, அழுகை இன்னும் தொடங்காத முகம்.

ரெண்டு நாள் கழித்து எல்லாரும் சேர்ந்த ஆல்பத்தில் படங்களை ஏற்றினோம். சாயங்காலம் மருமகள் கூப்பிட்டாள். "மாமா, மொட்டை போட்டது வரைக்கும் இருக்கு. காது குத்துனது ஒண்ணையும் காணோமே, எடுக்கலையா?" எடுத்திருந்தேன். எல்லாம் ஆல்பத்தின் அடியில், அவளே பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்துப் படங்களுக்குப் பக்கத்தில் கிடந்தன. பையன் பிறந்தது 2023. காது குத்தியது 2014 ஜனவரி 1, நள்ளிரவு 12 மணி 4 நிமிடம், லண்டன் நேரப்படி. இன்றுவரை அந்த வீட்டில் நான் போனால், "வாங்க, பிறக்குறதுக்கு முன்னாடியே காது குத்துனவரு" என்றுதான் மச்சான் வரவேற்கிறார்.

இப்போது ஒரு வழி வைத்திருக்கிறேன். பேட்டரி மாற்றியதும் ஊரும் வேண்டாம் நாளும் வேண்டாம் என்று ரத்து செய்துவிட்டு, முதல் படமாக என் ஃபோனின் கடிகாரத்தை விநாடியோடு எடுத்துவிடுவேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் எக்ஸிஃப்டூல் என்ற இலவச நிரலில், இந்தப் படத்தின் நேரத்துக்கும் உண்மை நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொடுத்தால் அந்த வரிசைப் படங்கள் அத்தனையின் தேதியையும் ஒரே தள்ளில் நகர்த்திவிடும். ஒரு கட்டளைக்கு இரண்டு நிமிடம். ஆனாலும் என் கார்டு முழுக்க ஃபோன் கடிகாரப் படங்கள். வெளியாள் பார்த்தால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ.

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தக் கேமராவை இன்னும் ஏன் தூக்கிக்கொண்டு அலைகிறேன் என்றால், அதன் ஃப்ளாஷுக்காக. சிரிக்காதீர்கள். மேலே குதித்து வரும், கொசுறு மாதிரி ஒரு சின்ன ஃப்ளாஷ். வாங்கும்போது அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

இந்தக் கேமராவில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது, இலை மாதிரித் தகடுகள் விரிந்து மூடும் லீஃப் ஷட்டர். பெரிய கேமராக்களில் ஷட்டர் வேகம் 1/200, 1/250 விநாடியைத் தாண்டினால் ஃப்ளாஷுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். இதில் 1/2000 வரை ஒன்றும் கேட்காமல் ஒத்துப்போகும். இதனால் என்ன லாபம் என்று கேட்டால், மறுபடியும் அதே திருச்செந்தூர் கடற்கரைக்கு வாருங்கள். உச்சி வெயில். மொட்டைத் தலையில் பூசிய சந்தனம் பளபளக்கிறது, பின்னால் கடல் வெள்ளையாகக் கொதிக்கிறது, முகம் மட்டும் கரிச்சட்டி. ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனுக்கான எண்) 125, எஃப் 4, 1/2000 வைத்து ஃப்ளாஷைத் தூக்கிவிட்டேன். கடல் கடலின் நிறத்திலேயே இருக்கிறது, சந்தனத்தின் விரிசல்கூடத் தெரிகிறது, முகத்தில் வெளிச்சம் வந்து கண்ணுக்குள் ஒரு புள்ளி மின்னுகிறது. ஒன்றரை மீட்டருக்குள் நின்றால்தான் இதெல்லாம் நடக்கும். அதற்கு மேல் அந்தக் கொசுறுக்குத் தெம்பு கிடையாது. அதுவும் நல்லதுதான், பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்குள் வேறு வித்தை. அந்த ஃப்ளாஷ் ஒரு கீலில் நிற்கிறது. இடது கை ஆள்காட்டி விரலால் மெல்லப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் முகட்டைப் பார்க்கும். வெள்ளையடித்த தாழ்வான முகடாக இருந்தால் வெளிச்சம் மேலே மோதி, முற்றத்து வெளிச்சம் மாதிரி இறங்கும். ஆச்சியின் கடைசி நல்ல படம் அப்படி எடுத்ததுதான். தோடு, மூக்குத்தி, கன்னச் சுருக்கம் எல்லாம் இருக்கிறது, ஃப்ளாஷ் அடித்த படம் என்று யாரும் நம்புவதில்லை. விரலை எடுத்ததும் டக்கென்று நேராகிவிடும். இதற்கு மெனுவில் ஒரு வரி கிடையாது. கையேட்டில் படித்ததாகவும் ஞாபகம் இல்லை. ஒருநாள் தூசி துடைக்கும்போது தானாகக் கண்டுபிடித்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி இருநூறு படம் தாங்கினால் பெரிய விஷயம். வைஃபை வழியாக ஃபோனுக்கு அனுப்புவது பொறுமைசாலிகளுக்கு மட்டும். வெயிலில் திரையில் நம் முகம்தான் தெரியும்.

கல்யாண மண்டபத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஷட்டர் வேகத்தை ஆட்டோவில் விட்டால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரைப் போட்டாலோ மேடை முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடு விழும். கேமராவில் கோளாறு என்று நானும் பல நாள் நினைத்திருந்தேன். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டப விளக்குகளில் பல விநாடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன, நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெக்கானிக்கல் ஷட்டரில் 1/100 என்று நிறுத்திவிட்டால் ஒரு முழுத் துடிப்பு ஒவ்வொரு படத்துக்குள்ளும் வந்துவிடும், சண்டை தீர்ந்தது. ஐஎஸ்ஓவை ஆட்டோவில் விட்டு உச்சத்தை 3200இல் பூட்டிவிடுவேன். வெள்ளை வேட்டிக்காரர்கள் வரிசையாக நின்றால், இவ்வளவு வெள்ளையா என்று கேமரா பயந்து எல்லாவற்றையும் சாம்பலாக்கும். அப்போது எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, 0.7 ஏற்றிவைக்க வேண்டும். முகங்களும் பிழைக்கும், வேட்டியும் வேட்டியாக இருக்கும்.

சரி, ரிப்பேர் கடை. திறந்து பார்த்துவிட்டு, செல்லை மட்டும் தனியாக மாற்ற ஆளில்லை, போர்டோடு மாற்றலாம், 9,500 ரூபாய் ஆகும், அதுவும் பழைய போர்டுதான் என்றார். "தேதிக்காகவாண்ணே இவ்வளவு?" என்று அவரே என்னிடம் கேட்டார். பதில் சொல்வதற்குள், "குடுக்கிறதா இருந்தா சொல்லுங்க, 22,000 தாரேன்" என்றார். சார்ஜே ஏறாத செத்த செல்லோடு இருக்கும் பத்து வருடப் பழசுக்கு. வாங்கிய விலை 36,000.

ஏன் இந்த விலை என்றால், ஜப்பான் கேமராக் கம்பெனிகள் 2010இல் எல்லா வகையும் சேர்த்து 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்களை உலகத்துக்கு அனுப்பின, அதில் பெரும்பங்கு சட்டைப்பைக்குள் போகிற இந்தக் குட்டிகள்தான். 2023இல் குட்டிகள் 20 லட்சம்கூட இல்லை. எல்லாரும் ஃபோனுக்குப் போய்விட்ட பிறகு, கல்லூரிப் பிள்ளைகளுக்குத் திடீரென்று இது மேல் ஆசை வந்திருக்கிறது. புதுசு குறைவு, பழசுக்குக் கிராக்கி.

கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். விற்கவும் இல்லை, ரிப்பேருக்குக் கொடுக்கவும் இல்லை.

நண்பனுக்கு என் பதில் இன்னும் "வாங்காத" தான். இன்றைய விலைக்கு வேண்டாம். அப்படியே வாங்கினாலும் கடையிலேயே பேட்டரியைக் கழற்றி, ஒரு டீ குடித்துவிட்டு வந்து மாட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். கேமரா ஊர் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும். என்னிடம் கேட்டால் இந்தப் பத்து வருடத்தில் நான் வாங்கிய உருப்படியான சாமான் இது ஒன்றுதான், அது வேறு விஷயம்.

அவன் மகள் சும்மா இருக்கவில்லை. கல்லூரி விழாவுக்கு ரெண்டு நாள் கடன் கேட்டு வந்து வாங்கிப் போனாள். கொடுக்கும்போதே தேதிக் கதையை முழுசாகச் சொல்லி, ஃபோன் கடிகாரத்தை முதலில் எடுக்க வேண்டும் என்று ரெண்டு தடவை சொல்லி அனுப்பினேன். தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பித் தரும்போது படங்களைக் காட்டினாள். நான் பத்து வருடமாக ஒரு தடவைகூடத் தொடாத ஒரு அமைப்பை மெனுவில் தோண்டியெடுத்து ஆன் செய்திருக்கிறாள், படத்தின் வலது மூலையில் தேதி அச்சடிக்கும் அமைப்பு. அதை ஆன் செய்தால் ரா கோப்பு (சென்சார் பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கிடையாது, அடித்ததை அழிக்கவும் முடியாது. ஒவ்வொரு படத்திலும் ஆரஞ்சு நிறத்தில் 2014 1 1. "ஏம்மா, தேதி தப்பா விழுந்திருக்கே" என்றேன்.

"அதுதான் அங்கிள் அழகே. என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் எப்படி வச்சேன்னு கேக்காங்க."

கேமராவைக் கையில் வாங்கி ஆன் செய்தேன். பேட்டரியைக் கழற்றி மாட்டித்தான் கொடுத்திருக்கிறாள். லண்டன்.