18 பாட்டில் ஒயின் ஃப்ரிட்ஜ்: பத்து மாதம் வைத்துப் பார்த்த பிறகு

எங்கள் கல்யாணத்துக்குத் தோழி ஒருத்தி ஒரே மாதிரி இரண்டு சிவப்பு ஒயின் பாட்டில்கள் கொடுத்தாள். "அஞ்சாம் வருஷம் ஒண்ணு, பத்தாம் வருஷம் ஒண்ணு" என்று சொல்லித்தான் கையில் தந்தாள். ஒன்றைச் சமையலறை ஃப்ரிட்ஜின் மேல் அழகுக்காக நிறுத்தி வைத்தோம். இன்னொன்றுக்கு அங்கே இடமில்லை. துணி அலமாரியின் அடித்தட்டில் படுக்கப் போட்டோம்.

ஐந்தாம் வருஷம் ஃப்ரிட்ஜ் மேல் இருந்ததை எடுத்தேன். மூடியைச் சுற்றிய உறையைக் கிழித்ததும் விரலில் பிசுபிசுப்பு ஒட்டியது. தக்கை லேசாக மேலே எழும்பி இருந்தது. திருகியதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஊற்றிப் பார்த்தால் செங்கல் நிறம், வினிகர் நெடி. அப்படியே தொட்டியில் கொட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

காரணம் எளிதுதான். சூட்டில் ஒயின் விரிந்து தக்கையைத் தள்ளுகிறது, ஆறும்போது சுருங்கிக் காற்றை உள்ளே இழுக்கிறது. ஃப்ரிட்ஜின் தலையில் இது ஒரு நாளில் எத்தனை தடவை நடந்திருக்குமோ! போதாததற்கு நின்ற நிலையில் தக்கை காய்ந்துபோகிறது. அதனால்தான் தக்கை போட்ட பாட்டிலைப் படுக்க வைக்கச் சொல்கிறார்கள். திருகு மூடி போட்டதென்றால் எப்படி வைத்தாலும் சரி.

மிச்சமிருந்த ஒன்றைக் காப்பாற்ற முதலில் வாங்கியது 12 பாட்டில் பிடிக்கும் தெர்மோஎலக்ட்ரிக் பெட்டி. பிரெஞ்சு இயற்பியலாளர் பெல்டியர் 1834இல் கண்டறிந்த விளைவுதான் அதன் அடிப்படை: மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் சூடாகும். கம்ப்ரசர் கிடையாது, அதனால் அதிர்வே இல்லை. ஆனால் அறையின் சூட்டிலிருந்து ஓரளவுதான் அதனால் இறக்க முடியும். கோடையில் அறை 33 டிகிரி இருந்தபோது உள்ளே 21க்குக் கீழே அது போகவே இல்லை. வருஷம் முழுக்கக் குளுகுளுவென்று இருக்கும் அறைக்கு அது போதும். என் அறைக்குப் போதவில்லை.

அதனால் மாற்றினேன். இப்போது இருப்பது 18 பாட்டில் பிடிக்கும் கம்ப்ரசர் மாடல். வந்ததும் ஒரு நாள் நிமிர்த்தி வைத்திருந்து, அப்புறம்தான் சுவிட்சைப் போட்டேன்.

திரையில் 12 டிகிரி என்று வைத்தேன். ஒயினுக்கு 12, 13 டிகிரி பக்கம் நல்லது. ஆனால் அந்த எண்ணை விட முக்கியம் அது ஆடாமல் இருப்பது. 15இல் நிலையாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. திரையை மட்டும் நம்ப மனமில்லாததால் ஒரு காலி பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தெர்மாமீட்டரின் கம்பியை உள்ளே விட்டு, வாயை மெழுகால் அடைத்து ஒயின்களோடு படுக்க வைத்தேன். பக்கத்திலேயே இன்னொரு தெர்மாமீட்டரைச் சும்மா காற்றில் தொங்கவிட்டேன். கம்ப்ரசர் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும் காற்று 9க்கும் 15க்கும் நடுவே ஏறி இறங்கியது. பாட்டிலுக்குள் இருந்த தண்ணீரோ ஒரு டிகிரி கூட நகரவில்லை. அந்த ஒரு வாரம் தினமும் காலையில் குனிந்து எண்ணைக் குறித்துக்கொள்வதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

குறை இல்லாமல் இல்லை. மேல் தட்டு சராசரியாக 15, அடித்தட்டுதான் 12. உடனே குடிக்கப் போவதை மேலேயும் பல வருஷம் வைப்பதைக் கீழேயும் வைத்துக்கொண்டேன். 18 என்ற கணக்கும் ஒல்லியான போர்தோ வடிவ பாட்டிலுக்குத்தான். தோள் சரிந்த புர்கண்டி வடிவம் இரண்டு சேர்ந்தால் மேல் கம்பி உரசி லேபிள் கிழிகிறது; ஷாம்பெயின் பாட்டில் வைக்க ஒரு தட்டையே கழற்ற வேண்டியிருந்தது. நிஜத்தில் 14தான் பிடிக்கும். கம்ப்ரசர் தொடங்கும்போது தட்டில் விரல் வைத்தால் மெல்லிய துடிப்பு தெரிகிறது. பழைய சிவப்பு ஒயினில் வண்டல் படிந்திருக்கும், அதைக் கலக்கிவிடக் கூடாதே என்று கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தேன், பாதி குறைந்தது. கதவு நிறமேற்றிய கண்ணாடி. இருந்தாலும் ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். வெளிச்சம் ஒயினின் வாசனையைக் கெடுக்கும், அதிலும் நிறமில்லாத பாட்டிலில் இருப்பதைச் சீக்கிரமே கெடுக்கும்.

2010இல் பால்டிக் கடலில், ஓலாண்ட் தீவுகளுக்குப் பக்கத்தில், மூழ்கிய கப்பலிலிருந்து 168 ஷாம்பெயின் பாட்டில்களை எடுத்தார்கள். ஏறக்குறைய 170 வருஷம் சுமார் 50 மீட்டர் ஆழத்தில், இருட்டில், மாறாத குளிரில் கிடந்தவை. அவற்றில் சில அப்போதும் குடிக்கும் நிலையில் இருந்தன. இதைப் படித்த நாளிலிருந்து இந்தப் பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடல்தான் நினைவுக்கு வருகிறது.

எல்லாருக்கும் இது தேவையா என்றால், இல்லை. கடையில் கிடைக்கும் ஒயினில் பெரும்பகுதி வாங்கி ஓரிரு வருஷத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுவது. அடுப்பிலிருந்து தள்ளி, சூடேறாத ஓர் இருட்டு அலமாரி போதும். சில வாரம்தான் என்றால் சாதாரண ஃப்ரிட்ஜும் பரவாயில்லை. மாதக்கணக்கில் வைத்தால் அந்த வறண்ட காற்றில் தக்கை காய்ந்துவிடக்கூடும். வருஷக்கணக்கில் காக்க வேண்டிய ஒரு பாட்டிலாவது உங்களிடம் இருந்தால் தயங்காமல் கம்ப்ரசர் மாடலை வாங்குங்கள்.

தோழி தந்த இரண்டாவது பாட்டில் அடித்தட்டின் இடது ஓரத்தில் இருக்கிறது. போன வாரம் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒயின் இன்னும் கழுத்துவரை நிற்கிறது, உறையில் பிசுபிசுப்பு இல்லை. இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது.