ஈடிபஸ் படிக்கறவங்க இந்த புக்க விட்றாதீங்க

தண்டையார்பேட்டைல இருந்துக்கிட்டு எம்.ஏ. இங்கிலீஷ் படிக்கறேன், சிலபஸ்ல சோஃபோக்ளிஸ் எழுதுன ஈடிபஸ் நாடகம் இருக்கு, தெரியாமலே அப்பாவ கொன்னு அம்மாவ கட்டிக்கிட்ட ராஜாவோட பழைய கிரேக்க கத. கைடு எத தொறந்தாலும் திமிரு புடிச்சவன் அதான் அழிஞ்சான், இல்லன்னா எல்லாம் விதி, இதே பாட்டுதான்.

பெர்னார்ட் நாக்ஸ் எழுதுன 'ஈடிபஸ் அட் தீப்ஸ்' (1957) வேற லெவல். விதி ஆட்டுற பொம்மை இல்ல அவன், முந்தின ராஜாவ கொன்னது யாருன்னு விசாரணைய ஆரம்பிக்கறதும் அவன்தான், பொண்டாட்டி யோகாஸ்டா வேணாம் நிறுத்துன்னு கெஞ்சியும் கடைசி வரைக்கும் இழுத்துட்டு போறதும் அவன்தான்னு நாடகத்துல இருந்தே எடுத்து காட்டறாரு. அவன் பேச்சுல கோர்ட்டு, வைத்தியம், கணக்குன்னு அந்த காலத்து ஏதென்ஸே வந்து நிக்குதுன்னு சொல்ற எடம் இருக்கே, அத படிச்சிட்டு நாடகத்த திரும்ப எடுத்தா ஒவ்வொரு வரியும் புதுசா தெரியுது. நம்ம பக்கம் திரௌபதி அம்மன் கோயில் கூத்துல துச்சாதனன் கதி என்னன்னு தெரிஞ்சும் விடிய விடிய உக்காந்து பாக்கறோம்ல, ஏதென்ஸ்லயும் கத தெரிஞ்ச கூட்டம்தான், அதனால என்ன நடக்கும்ங்கறத விட அவன் எப்படி தேடிப் போறாங்கறதுதான் மேட்டர்.

நடுவுல கிரேக்க வார்த்தையா அடுக்கறாரு, அங்க கொஞ்சம் மூச்சு முட்டும், தாண்டிப் போங்க.

மொதல்ல நாடகம், அப்புறம் கிரேக்க இலக்கிய ஆய்வாளர் டாட்ஸ் 1966ல எழுதுன சின்ன கட்டுரை, இந்த நாடகத்த பத்தி மாணவருங்க பரீட்சைல எழுதுன தப்பான விளக்கங்கள ஒன்னொன்னா பிரிச்சிருப்பாரு, அதுக்கப்புறம் நாக்ஸ். மூர் மார்க்கெட்ல பழசா கண்ல பட்டா உடனே வாங்கிருங்க.