தோற்றுத் தேடுவதா, தேடித் தேறுவதா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் கடைசி இடம் பிடிக்கும் அணிக்கு, இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முன்னுரிமை உண்டு. அப்படியானால் வேண்டுமென்றே தோற்கலாமா?

தோற்றுப் பலன் கண்ட அணி பிட்ஸ்பர்க். 1984இல் கடைசியில் முடித்து, டிராஃப்டில் மரியோ லெமியூ என்ற இளம் வீரரைப் பெற்றது. 1991, 1992இல் லீக்கின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையை வென்றது. ஆனால் இப்போது முதல் தேர்வைக் குலுக்கல் அல்லவா தீர்மானிக்கிறது! 2015இல் பஃபலோ அணிக்கு, அந்த டிராஃப்டின் நட்சத்திர இளைஞர் கானர் மெக்டேவிட் மீது கண். அரிசோனாவுடனான ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் எதிரணி கோல் அடித்தபோது பஃபலோ ரசிகர்களே ஆர்ப்பரித்தார்கள். சொந்த அரங்கில் இப்படியொரு கூத்து! கடைசி இடம் கிடைத்தது; குலுக்கலில் மெக்டேவிட் எட்மன்டனுக்குப் போனார். அந்த அணிக்கு இருந்த வாய்ப்பு வெறும் 11.5 சதவீதம். பஃபலோவுக்குக் கிடைத்த ஜாக் ஐக்கல், அங்கே ஒரு பிளேஆஃப் (கோப்பைக்கான இறுதிக்கட்டச் சுற்று) ஆட்டம்கூட ஆடாமல் 2021இல் வேகாஸுக்கு மாறி, 2023இல் கோப்பையைத் தூக்கினார்.

மறுபக்கம், பிறர் விட்டுவைத்த வீரர்களைத் தேடிக் கண்டெடுத்த டெட்ராய்ட். 1998 டிராஃப்டில் டட்ஸ்யூக்கை 171ஆவதாகவும், மறு ஆண்டு ஸெட்டர்பெர்க்கை 210ஆவதாகவும் எடுத்தது. 2008 கோப்பை இருவரும் சேர்ந்து வென்றது. இதற்கும் அதிர்ஷ்டம் வேண்டும்தான். ஆனாலும் என் ஓட்டு டெட்ராய்ட் வழிக்கே: டிக்கெட் வாங்கியவரைத் தோல்விக்குக் கைதட்ட வைப்பது எனக்கு ஒப்பவில்லை.