ரெபுட்டியா: ஒரே பேரினமா, இரண்டா?

பொலிவியாவிலும் வடமேற்கு அர்ஜென்டினாவிலும் ஆண்டிஸ் மலைச்சரிவுகளில் வளரும் குட்டிக் கள்ளி ரெபுட்டியா. பூக்கும் காலத்தில் அடிப்பகுதியைச் சுற்றி மொட்டுகள் கிளம்பி, செடியையே மறைத்துவிடும். 1895-இல் தாவரவியலாளர் ஷூமன் இந்தப் பேரினத்தை, அதாவது உறவுள்ள இனங்களின் தொகுதியை, அமைத்தார். 1923-இல் இன்னொரு தாவரவியலாளர் ஸ்பெகாஸ்ஸினி இதைப்போன்ற கள்ளிகளில் சிலவற்றை அய்லோஸ்டெரா என்ற தனிப் பேரினமாகப் பிரித்தார். வாதம் அங்கிருந்துதான் தொடங்கியது.

எல்லாவற்றையும் ரெபுட்டியா என்றே வைத்துக்கொள்வது ஒரு வழி. வளர்ப்பவர்களுக்கு அது வசதி. பழைய பெயர்ச்சீட்டுகளை மாற்ற வேண்டியதில்லை.

பிரிப்பவர்கள் பூவைப் பார்க்கச் சொல்கிறார்கள். ரெபுட்டியா மினுஸ்குலாவின் பூக்குழாய் வெளியே மொழுமொழுவென்று இருக்கும். அய்லோஸ்டெராவிலோ குழாயின் செதில் இடுக்குகளில் மயிரும் முள்மயிரும் தெரியும். பூவை நெடுக்காக அறுத்தால், சூல்தண்டின் (சூலகத்திலிருந்து மேலெழும் மெல்லிய தண்டு) கீழ்ப்பகுதி குழாயோடு ஒட்டியிருப்பதும் பல இனங்களில் தெரியும். லென்ஸ் இருந்தால் போதும், நீங்களே பார்க்கலாம்.

டி.என்.ஏ. ஆய்வுகளும் இவை இரண்டும் நெருங்கிய உறவில்லாத தனிக்கிளைகள் என்றே காட்டின. அதனால் என் ஓட்டு பிரிப்பதற்குத்தான். உருவ ஒற்றுமையை நம்பி உறவை மறைக்கும் பெயர் எனக்கு உவப்பில்லை. அப்புறம், பழைய பெயர்ச்சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். புதுப்பெயரை அதன் கீழேயே எழுதிவையுங்கள்.