கல்லடித் தேத்தண்ணிக் கடையில் ஒரு ஜெர்மன் சீசன்

நான் ஓட்டோ ஓட்டுகிறேன். கொழும்பில் இருந்து வரும் இரவு ரயில் விடியப்புறம்தான் மட்டக்களப்பு ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அதற்கு முன் வீட்டுக்குப் போய்ப் படுத்தால் எழும்ப மாட்டேன். அதனால் பல வருடமாக ஓட்டோவின் பின் சீற்றில் நுளம்புக் கடியோடுதான் இரவைக் கழித்து வந்தேன். 2023 ஓகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை, நடு இரவு தாண்டிய நேரம். கல்லடியில் ஒரு சவாரியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஒழுங்கைக்குள் வெளிச்சமும் ஆரவாரமும் தெரிந்தது. நிறுத்தி எட்டிப் பார்த்தேன். தேத்தண்ணிக் கடைச் சுவரில் ஜெர்மன் உதைபந்தாட்டம். பிரேமனில் பயர்ன் மியூனிக் அணி ஆடிக்கொண்டிருந்தது. இங்கிலாந்தில் இருந்து வந்த ஹரி கேனுக்கு அதுதான் ஜெர்மன் லீக்கில் முதல் ஆட்டம். கோலும் போட்டார், 4-0. அன்று போய் இருந்த கதிரையில் அடுத்த வருட ஜூன் வரை இருந்துவிட்டேன்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. கல்லடிப் பாலம் தாண்டி கடற்கரைப் பக்கம் போனால் யாரைக் கேட்டாலும் 'ஜெர்மன்காரன்ட கடை' என்று காட்டுவார்கள். தகரக் கூரை, எட்டு மேசை, சுண்ணாம்பு அடித்த ஒரு சுவர். அந்தச் சுவரில்தான் புரொஜெக்டரால் படம் விழும். கல்லாவுக்கு மேலே கறுப்பும் சிவப்புமாக ஒரு கழுத்துச் சால்வை தொங்கும். கடைக்கார அண்ணன் ஜெர்மனியின் லெவர்கூசன் நகரில் 17 வருடம் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர். 2002இல் அவர் அங்கேதான் இருந்தார். அந்த வருடம் அந்த ஊர் அணியான பேயர் லெவர்கூசன் லீக்கை ஒரே ஒரு புள்ளியால் டோர்ட்முண்டிடம் விட்டது. ஜெர்மன் கிண்ண இறுதியில் ஷால்க்கவிடம் 4-2, ஐரோப்பாவின் முதல்தரக் கிண்ணமான சம்பியன்ஸ் லீக் இறுதியில் ரியல் மட்ரிட்டிடம் 2-1. மூன்றிலும் இரண்டாமிடம். அதற்குப் பிறகு அந்தக் கழகத்துக்கு எப்போதுமே இரண்டாவதாக வருபவர்கள் என்று ஒரு பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. அண்ணன் இதைச் சொல்லும்போது சொந்த வீட்டில் நடந்த துக்கத்தைச் சொல்வது போலத்தான் இருக்கும்.

இந்தக் கடையை நான் ஏன் இவ்வளவு உயர்த்திச் சொல்கிறேன் என்றால், இங்கே சீசன் முழுவதையும் காட்டுகிறார்கள். பெரிய ஆட்டங்களைக் காட்டும் கடைகள் எங்கள் ஊரில் வேறும் உண்டு. உலகக் கிண்ணம் என்றால் சலூனில்கூட ரிவி ஓடும். ஆனால் இங்கே வாசலில் ஒரு பள்ளிக்கூடக் கரும்பலகை சாத்தியிருக்கும். அதில் கிழமை முழுக்க நடக்கும் ஆட்டங்களை எங்கள் நேரத்துக்கு மாற்றி அண்ணன் தன் கையால் எழுதி வைப்பார். குளிர்காலத்தில் நாலரை மணி வித்தியாசம், கோடையில் மூன்றரை. சனிக்கிழமை லீக் ஆட்டம் இரவு எட்டு மணிக்கு, மார்ச் கடைசியில் அங்கே மணிக்கூட்டை மாற்றிய பிறகு ஏழுக்கு. புதன், வியாழனில் ஐரோப்பிய ஆட்டங்கள், பிந்தியது ஒன்றரைக்கு. நடுநடுவே ஜெர்மன் கிண்ணம். லீக்கில் 18 அணிகள், ஆளுக்கு 34 ஆட்டம். கிண்ணத்தில் 64 அணிகள், மூன்றாம் பிரிவும் அதற்குக் கீழே உள்ளவர்களும்கூட வரலாம், ஒரே ஆட்டம், தோற்றால் வீடு. இது எதுவும் எனக்கு முன்பு தெரியாது. கரும்பலகையைப் பார்த்துப் பார்த்துத்தான் படித்தேன்.

நவம்பரில் ஒரு நாள் பலகையில் 'சார்புருக்கன் - பயர்ன், 1.15' என்று இருந்தது. மூன்றாம் பிரிவு அணி ஒன்றோடு பயர்ன் ஆடுவதை அந்த நேரத்தில் யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். "தம்பி, பெரிய ஆட்டத்த எங்கயும் பாக்கலாம். இத எங்க பாப்பாய்? இரி" என்றார். இருந்தோம், மொத்தம் ஆறு பேர். தோமஸ் முல்லர் போட்ட கோலோடு எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். இடைவேளைக்கு முன் சார்புருக்கன் சமன் செய்தது. 96ஆவது நிமிடத்தில் மார்செல் கௌஸ் பந்தை வலைக்குள் அடித்தார். 2-1. அந்தச் சின்ன மைதானத்தில் சனங்கள் ஒருவர் மேல் ஒருவர் ஏறி விழுந்தார்கள். கடையில் நாங்கள் ஆறு பேரும் எழுந்து நின்றுவிட்டோம். அந்த அணி பிறகு ஃபிராங்ஃபுர்ட்டையும் கிளாட்பாக்கையும் வீழ்த்தி அரையிறுதி வரை போனது. கிளாட்பாக் ஆட்டம் பெப்ரவரியில் மழைத்தண்ணி நின்று மார்ச்சுக்குத் தள்ளிப் போனது. மாரியில் எங்கள் ஊர் வெபர் மைதானத்தில் தண்ணி நிற்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அதைக் கண்டதும் அந்த ஊர் சட்டென்று கிட்ட வந்துவிட்டது.

கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆட்டம் தொடங்க முன் எல்லாரும் போனை ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். படம் இங்கே வந்து சேர அரை நிமிடம் பிந்தும், போனில் கோல் செய்தி அதற்கு முன்பே வந்துவிடும். ஒருவன் பார்த்துக் கத்தினால் மற்றவர்களுக்கு ஆட்டம் கெட்டுப்போகும். டின் வடைக் கண்ணாடிப் பெட்டிக்கு மேல் இருக்கும். மே மாதம் ரோமா அணியோடு, ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிண்ணமான யூரோப்பா லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். முதல் ஆட்டத்தில் லெவர்கூசன் 2-0 வென்றிருந்ததால் இறுதிக்குப் போவதில் பயம் இல்லை. ஆனால் அன்று இரண்டு பெனால்டியில் ரோமா 2-0. ஒரு கோல் திரும்பி 2-1. அந்த சீசனில் லெவர்கூசன் எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை, 48 ஆட்டம் ஓடிவிட்டது. 1960களில் போர்த்துக்கலின் பென்ஃபிக்கா அணி வைத்த 48 என்ற சாதனையைத் தாண்ட ஒரு சமநிலை வேண்டும். 97ஆவது நிமிடம். சுவரில் பந்து இன்னும் வலது கரையில் நிற்கிறது. டின் மெல்ல நடுங்கத் தொடங்கியது. ஒரு போன், அப்புறம் இரண்டு, அப்புறம் எல்லாம் சேர்ந்து கண்ணாடியில் தகரம் கடகடவென்று அடிக்கிற சத்தம். எல்லாரும் சுவரை விட்டுவிட்டு டின்னைப் பார்த்தோம். யாருக்கு விழுந்த கோல் என்று தெரியாது. அண்ணன் பேசாமல் உள்ளங்கையை டின் மேல் வைத்து அழுத்தினார். அந்த நேரத்தில்தான் சுவரில் யோசிப் ஸ்டானிசிச் உள்ளே வெட்டி இடது காலால் அடித்தார். அவர் பயர்னில் இருந்து அந்த ஒரு வருடத்துக்குக் கடனாக வந்த ஆள். பெப்ரவரியில் அதே பயர்னுக்கு எதிராக 3-0 வென்றபோதும் முதல் கோல் அவருடையதுதான்.

சரி, குறைகளையும் சொல்ல வேண்டும். தேத்தண்ணி நல்லது. அந்த சீசனில் பால் தேத்தண்ணி 100 ரூபாய், இஞ்சி போட்ட பிளேன்டீ 50. கடை அக்கா தன் கையால் ஊற்றினால் சாயம் சரியாக இருக்கும், உதவிக்கு நிற்கும் பொடியன் ஊற்றினால் சீனி கூடும். கொத்து பத்து மணிக்கு முன் சாப்பிட்டால் அருமை, இறால் போட்டதைக் கேளுங்கள். நடு இரவுக்குப் பிறகு ரோல்ஸ் மட்டும்தான் மிஞ்சும், அதில் பழைய எண்ணெய் வாடை வரும். இதை அக்காவிடம் இரண்டு தரம் நேரே சொன்னேன், இன்னும் மாறவில்லை. கழிவறைக்கு வெளிச்சம் போதாது. நுழைவுக் கட்டணம் கிடையாது, ஒரு பாதிக்கு ஒரு தேத்தண்ணியாவது வாங்கினால் போதும். யாரும் காசு வைத்துப் பந்தயம் கட்டக் கூடாது, கட்டினால் அன்றோடு சரி. நோன்பு மாதத்தில் பிந்திய ஆட்டம் உள்ள இரவுகளில் காத்தான்குடிப் பிள்ளைகளுக்காக அக்கா சோறும் மீன் கறியும் ஆக்கி, நோன்பு தொடங்க முன் சாப்பிடும் சஹருக்குக் கொடுத்தார். அதை நான் மறக்க மாட்டேன்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த இரவு ஒன்று உண்டு. சம்பியன்ஸ் லீக் அரையிறுதி, மட்ரிட்டில் பயர்ன் 1-0 முன்னால். 80 நிமிடம் தாண்டியதும் கரண்ட் போய்விட்டது. கடையில் ஜெனரேற்றர் இருந்தது, அதற்குள் பெற்றோல் இல்லை. சவாரியை விட்டுவிட்டு வந்து குந்தியிருந்த எனக்கு நெஞ்சு எரிந்தது. என் ஓட்டோவில் இருந்தே ஒரு போத்தல் உறிஞ்சி ஊற்றினோம். படம் திரும்பி வரும்போது ரியல் 2-1. கோல்கள் இரண்டும் மாற்றாளாக இறங்கிய ஹொசெலுவுடையவை, ஒன்று 88இல், மற்றது 91இல். இரண்டும் எங்கள் இருட்டுக்குள் போய்விட்டன. கடைசி நேரத்தில் பயர்ன் வலைக்குள் அடித்ததும், அதற்கு முன்பே ஓஃப்சைட் கொடி உயர்ந்து விசில் ஊதியதும்தான் எங்களுக்குக் கிடைத்தது. கேன் அந்த வருடம் லீக்கில் மட்டும் 36 கோல் போட்டும் ஒரு கிண்ணமும் இல்லாமல் முடித்தார். ஒரு வாரத்துக்குள் அண்ணன் ஒரு பற்றரியும் இன்வேட்டரும் வாங்கிப் பூட்டினார். பெற்றோல் காசையும் தந்தார்.

ஏப்ரல் 14, புத்தாண்டு லீவு. இரவு ஒன்பது மணிக்கு லெவர்கூசன் - பிரேமன். வென்றால் ஐந்து ஆட்டம் மிச்சம் இருக்கவே லீக் கையில். என் மகளையும் கூட்டிப் போனேன். புதுச் சட்டையோடு வந்தவள் முன் வரிசையில் பலகாரத் தட்டோடு இருந்தாள். 5-0. அதில் ஃப்ளோரியன் விர்ட்ஸ் மூன்று. முடிய முன்னமே சனங்கள் மைதானத்துக்குள் இறங்கிவிட்டார்கள். பயர்ன் 11 வருடம் தொடர்ந்து வைத்திருந்த பட்டம், லெவர்கூசனுக்கு வரலாற்றில் முதல் தரம். 2022 ஒக்டோபரில் சாபி அலொன்சோ பயிற்சியாளராக வரும்போது அந்த அணி கடைசிக்கு ஒரு இடம் மேலே கிடந்தது. அண்ணன் சால்வையை இறக்கிக் கழுத்தில் போட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. குசினிக்குள் போய் முகம் கழுவிவிட்டு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி இலவசம் என்றார். மகள், "அப்பா, அந்த மாமா ஏன் அழுறார்?" என்று கேட்டாள். நான் 2002 கதையைச் சொன்னேன்.

34 ஆட்டத்தில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வி இல்லை. புண்டஸ்லீகா என்ற அந்த ஜெர்மன் லீக்கில் யாரும் அதற்கு முன் செய்யாதது. மே 22 டப்ளினில் யூரோப்பா இறுதி, எங்களுக்கு விடிந்தால் வெசாக். கடை நிரம்பி வெளியே மோட்டார் சைக்கிள்களில் குந்தியிருந்தார்கள். டின் மூன்று தரம் நடுங்கியது. மூன்றும் எதிரணி அட்டலான்டாவின் அடெமோலா லுக்மனுடைய கோல்கள். மூன்றாவது தரம் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. 52ஆவது ஆட்டத்தில் முதல் தோல்வி. மூன்று நாளில் பெர்லினில் ஜெர்மன் கிண்ண இறுதி. இரண்டாம் பிரிவு கைசர்ஸ்லௌட்டர்னுக்கு எதிராக லெவர்கூசனின் ஷாக்கா தூரத்தில் இருந்து ஒன்று அடித்தார். இடைவேளைக்கு முன்பே சிவப்பு அட்டையால் பத்துப் பேராகக் குறைந்தும் 1-0ஐக் காப்பாற்றினார்கள்.

இவ்வளவோடு கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணன் கடையைப் பூட்டவில்லை. போக்கும் - டுசெல்டோர்ஃப், மேல் பிரிவில் யார் இருப்பது என்ற ஆட்டம். முதல் ஆட்டத்தைச் சொந்த ஊரில் 0-3 என்று தோற்ற போக்கும், டுசெல்டோர்ஃப் போய் 3-0 வென்று, பெனால்டியில் 6-5 என்று தப்பியது. அன்று ஐந்து பேர் இருந்தோம். கடலுக்குப் போகப் புறப்பட்டு வந்த நாவலடித் தம்பி ஒருவன் பெனால்டி முடியும்வரை வள்ளத்தைக் காக்க வைத்தான். ஜூன் முதலாம் திகதி டோர்ட்முண்ட் வெம்பிளியில் ரியலிடம் 2-0 தோற்றது. லீக்கில் ஐந்தாவதாக வந்த அணி சம்பியன்ஸ் லீக் இறுதிவரை போனதையும், முதல் பாதியில் கிடைத்த வாய்ப்புகளை விட்டதையும் பற்றி ரயில் வரும்வரை பேசினோம்.

போகிறவர்களுக்கு: சனி இரவு என்றால் அரை மணி முந்திப் போங்கள். நடுத் தூணுக்குப் பின்னால் உள்ள இரண்டு கதிரையில் இருந்தால் இடது பக்க கோல் கம்பம் தெரியாது. பிள்ளைகளோடு போனால் அக்கா கல்லாப் பக்க மேசையை ஒதுக்கித் தருவார். போனை வாசலிலேயே சத்தமில்லாமல் போட்டு, டின்னுக்குள் வைக்கும்போது நடுக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். அந்த சீசன் முடிந்ததும் கரும்பலகையில் புது சீசன் தொடங்கும் திகதி மட்டும் எழுதியிருந்தது, 2024 ஓகஸ்ட் 23.