மஞ்சள் டயல் சீக்கோவும் கூத்தாநல்லூர்த் தாத்தாவும்

பழைய குரோனோகிராஃப் (நேரம் காட்டுவதோடு பட்டனை அழுத்தி விநாடிகளை அளக்கவும் உதவும்) கைக்கடிகாரம் ஒன்றை வாங்கப் போய், சென்ற ஐப்பசியில் 14,500 ரூபாயை இழந்தேன். விற்றவர் கும்பகோணத்தில் பழைய பொருள் வியாபாரம் செய்பவர். அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவர் விற்ற முறையை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அதே முறையில் இன்னும் விற்றுக்கொண்டிருக்கிறார்.

இந்த ஆசை உள்ளவர்கள் எல்லோரும் ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில்தான் தொடங்குவார்கள். பழைய ஸ்பீட்மாஸ்டர் ஒன்றை வாங்க எங்கள் பக்கத்தில் ஒரு மா நஞ்சையை விற்க வேண்டியிருக்கும். ரோலெக்ஸ் டேடோனா என்றால் ஒரு மாவோடு நிற்காது. ஆகவே எங்களைப் போன்றவர்கள் மாற்று தேடுவோம். சுவிஸ் நாட்டு வால்ஜூ 7734 என்ற கடிகார உள்ளியந்திரத்தை அடிப்படையாகக் கொண்டு மாஸ்கோவில் செய்த போல்யோத் 3133, வீனஸ் 175 என்ற இன்னொரு சுவிஸ் உள்ளியந்திரத்தைத் தயாரிக்கும் கருவிகளை வாங்கிச் சீனர்கள் உருவாக்கிய சீகல், ஜப்பானின் சீக்கோ 6139 ஆகியவை அப்படிக் கிடைப்பவை. இவற்றில் என் மனம் 6139இல்தான் நின்றது. உலகின் முதல் தானியங்கி (கை அசைவிலேயே சாவி ஏறும்) குரோனோகிராஃப் எது என்ற போட்டியில், 1969இல் ஜெனித் நிறுவனத்தோடும் ஹோயர், பிரைட்லிங் நிறுவனங்களின் கூட்டணியோடும் ஒரே ஆண்டில் வந்து நின்றது அது. வில்லியம் போக் என்ற அமெரிக்க விண்வெளி வீரர் 1973இல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்துக்குப் போனபோது கையில் கட்டியிருந்ததும் மஞ்சள் டயல் 6139தான். அந்த மஞ்சள் டயலுக்குக் கிராக்கி அதிகம். கிராக்கி உள்ள இடத்தில் பெயின்ட் டப்பாவும் இருக்கும் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

வியாபாரி முதலில் கடிகாரத்தைக் காட்டவில்லை, கதையைத்தான் சொன்னார். கூத்தாநல்லூரைச் சேர்ந்த ஒரு பெரியவர் சிங்கப்பூரில் கடை வைத்திருந்தபோது வாங்கியது, ஊர் திரும்பிய பிறகு பீரோவிலேயே கிடந்தது, பேரன் விற்கக் கொடுத்திருக்கிறான் என்றார். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் இந்தக் கதையை யாராலும் சந்தேகிக்க முடியாது. கூத்தாநல்லூருக்குச் ‘சின்ன சிங்கப்பூர்’ என்றே பெயர். சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போய் வந்தவர்களின் வீடுகளில் உண்மையாகவே நல்ல சீக்கோக்கள் இருக்கின்றன, என் பெரியப்பா வீட்டிலும் ஒன்று இருந்தது. அந்தப் பெரியப்பாவை நினைத்துக்கொண்டுதான் பணத்தைக் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. பில் கேட்டதற்கு, பழைய பொருளுக்குப் பில் போடும் வழக்கம் இல்லை என்று சிரித்தார்.

கடையில் அவர் மேல் பட்டனை அழுத்தினார். பெரிய விநாடி முள் ஓடியது. மீண்டும் அழுத்தினார், நின்றது. கீழ்ப் பட்டனை அழுத்தியதும் முள் சரியாகப் 12க்குத் திரும்பியது. மூன்று முறை செய்து காட்டினார், மூன்று முறையும் நாற்பது விநாடி ஆவதற்குள் நிறுத்திவிட்டார். மயிலாடுதுறைக்கு ரயிலில் திரும்பும்போதுதான் முள்ளை நிறுத்தாமல் ஓடவிட்டேன். ஆறு மணிப் பக்கத்துச் சின்ன வட்டத்தில் உள்ள முள், நிமிடத்துக்கு ஒரு கோடு நகர்ந்து முப்பது நிமிடம் வரை எண்ண வேண்டும். குத்தாலம் நிலையம் கடந்த பிறகும் அது பூஜ்ஜியத்திலேயே நின்றது.

தஞ்சாவூரில் பழைய கடிகாரங்களை மட்டும் பார்க்கும் ஒரு ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். அவர் பின்மூடியைக் கழற்றி, கண்லென்ஸை மாட்டிக்கொண்டு இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்தார். “தம்பி, இது ஒரு வாட்ச் இல்லை, நாலு வாட்ச்” என்றார். நிமிடத்தை எண்ணும் சக்கரமே உள்ளே இல்லை; சின்ன முள் டயலின் மேல் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முள் நீக்கிய இடத்தில் காய்ந்த பசை ஒரு கடுகளவு பழுப்பாக இருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சாய்த்துப் பிடித்தபோது, டயலின் மஞ்சளும் சுவர்ப் பூச்சுப் போலத் தட்டையாகத் தெரிந்தது. அசல் டயல் வெளிச்சத்தில் நடுவிலிருந்து கதிர் விரிவதுபோல் மின்னும்.

இதைவிட எனக்கு வெட்கமாக இருந்தது எண்களைப் பார்க்காமல் விட்டது. சீக்கோவின் பின்மூடியில் உள்ள வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டையும், இரண்டாவது மாதத்தையும் குறிக்கும். அக்டோபருக்குப் பூஜ்ஜியம், நவம்பருக்கும் டிசம்பருக்கும் ஆங்கில எழுத்துகள். என் கடிகாரத்தின் எண் 61இல் தொடங்கியது, அதாவது 1976 ஜனவரி. டயலிலோ, தண்ணீர் புகாது என்பதைச் சொல்லும் ‘70 மீட்டர் புரூஃப்’ என்று இருந்தது. அந்தச் சொல் இந்த மாடலின் ஆரம்ப ஆண்டுகளில் மட்டுமே அச்சிடப்பட்டது, பிறகு ‘ரெசிஸ்ட்’ என்று மாறிவிட்டது. பூச்சுக்காரர் ஏதோ பழைய படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். இன்னொரு சோதனைக்குக் கருவியே தேவையில்லை: இந்த மாடலில் பக்கவாட்டில் உள்ள சாவியை இழுக்காமல் திருகினால் கண்ணாடிக்கு உள்ளே இருக்கும் வளையம் சுற்ற வேண்டும். என்னுடையதில் சாவி மட்டும் சுற்றியது. உட்பற்கள் தேய்ந்து அசல் கடிகாரத்திலும் இப்படி ஆவதுண்டு என்பதால் இது ஒன்றை வைத்தே போலி என்று முடிவு கட்ட முடியாது. விலையைக் குறைத்துக் கேட்கக் காரணம் உண்டு என்பது மட்டும் நிச்சயம்.

பல கடிகாரங்களின் உறுப்புகளைச் சேர்த்து, டயலுக்குப் புதுப் பூச்சு அடித்து விற்பவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடையே ‘மும்பை ஸ்பெஷல்’ என்று பெயர் உண்டு. எச்எம்டியிலும் சீக்கோ 5இலும் அவை இருப்பது எனக்குத் தெரியும். ஸ்பீட்மாஸ்டர் வாங்குகிறவன் பின்மூடியைத் திறக்காமல் பணம் தர மாட்டான். பதினைந்தாயிரத்துக்கு வாங்குகிற நாம்தான், இந்த விலைக்கு இவ்வளவு சோதனையா என்று கூச்சப்பட்டுத் திரும்பிவிடுகிறோம். பூச்சு அடிப்பவர்கள் நம்பியிருப்பது அந்தக் கூச்சத்தைத்தான்.

மறுவாரம் கும்பகோணம் போய்க் கேட்டேன். பழைய பொருளுக்கு வாபஸ் கிடையாது என்றும், திறந்து பார்த்தவர்தான் சக்கரத்தை எடுத்திருப்பார் என்றும் வியாபாரி சொன்னார். தஞ்சாவூர்ப் பெரியவர் மேல் பழி விழுந்ததைக் கேட்டுக்கொண்டு நிற்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன். திறப்பதற்கு முன் படம் எடுத்திருக்க வேண்டும்; விற்பவர் முன்னிலையிலேயே திறந்திருந்தால் படமே தேவைப்பட்டிருக்காது.

போன வெள்ளிக்கிழமை அவருடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இன்னொரு மஞ்சள் டயல் வந்திருந்தது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: அதே ‘70 மீட்டர் புரூஃப்’, பூஜ்ஜியத்தில் அதே சின்ன முள், கீழே கூத்தாநல்லூர்த் தாத்தா. விலை மட்டும் 16,000 ஆகியிருக்கிறது.